7ஆவது பிக்: மெக்காஃப்ரியா, அமோன்-ராவா?

கடைசி_இடம் கேட்டது:

வரும் ஞாயிறு எங்கள் ஃபேன்டஸி லீக்கின் 2025 சீசன் டிராஃப்ட். என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) வீரர்களை முறைவைத்து எடுத்து ஆளுக்கோர் அணி சேர்ப்போம்; நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதுதான் எங்களுக்குப் புள்ளி. 12 அணி, ஸ்னேக் முறை (சுற்றுக்குச் சுற்று எடுக்கும் வரிசை திரும்பும்), கேட்சுக்கு அரைப் புள்ளி, காயப் பட்டியலுக்கு ஒரே ஓர் இடம், அடுத்த வருடத்துக்கு யாரையும் தக்கவைக்க முடியாது. எனக்கு 7ஆவது பிக், அடுத்தது 18. பயிற்சி டிராஃப்ட் பத்துப் பன்னிரண்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் என் முறை வரும்போது 49ஆர்ஸ் அணியில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி எடுக்கப்படாமல் இருக்கிறார். பக்கத்திலேயே அமோன்-ரா செயின்ட் பிரவுன், பந்தைப் பிடிக்கும் ரிசீவர்.

போன வருடக் கதையைச் சொல்லாவிட்டால் என் தயக்கம் புரியாது. 2024இல் எனக்கு முதல் பிக். யோசிக்கவே இல்லை, மெக்காஃப்ரி. அதற்கு முந்தின சீசனில் 1,459 ரஷிங் யார்ட் (பந்தோடு ஓடிக் கடந்த தூரம்), மொத்தம் 21 டச்டவுன், சிறந்த அஃபென்ஸ் (தாக்கும் பக்க) வீரர் விருது. யார் வேண்டாம் என்பார்கள்? ஆகஸ்டில் கெண்டைக்காலில் ஏதோ பிடிப்பு என்றார்கள், முதல் ஆட்டத்துக்குள் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஆட்டம் திங்கள் இரவு, ஜெட்ஸுக்கு எதிராக. தொடங்கச் சற்று முன் அவர் ஆடவில்லை என்று அறிவிப்பு வருகிறது. என் மற்ற ஆட்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடி முடித்தாகிவிட்டது, பெஞ்சில் மாற்றிப் போட ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாக இறங்கிய ஜோர்டன் மேசன் 28 முறை பந்தோடு ஓடி 147 யார்ட் எடுத்ததை முழுக்கப் பார்த்தேன். மேசன் யார் அணியில்? என் மச்சான் அணியில், மனைவியின் தம்பி. "சும்மா கடைசி ரவுண்டில் போட்டு வைத்தேன் அத்தான்" என்றான்.

அப்புறம் இரண்டு குதிகால் தசைநாரிலும் வீக்கம், ஜெர்மனியில் மருத்துவர், நவம்பர் 10இல் திரும்பி வந்தது, டிசம்பர் 1இல் பஃபலோ பனியில் முட்டி போனது. மொத்தம் 4 ஆட்டம். அதே இரவில் மேசனுக்கும் கணுக்கால் போனது. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் நான்தான் கடைசி. எங்கள் லீக்கில் கடைசி இடத்துக்கு வந்தவர் அடுத்த சீசன் முழுக்க ஒவ்வொரு செவ்வாயும் எல்லா அணிகளையும் பற்றி அறிக்கை எழுத வேண்டும். மச்சானைப் புகழ்ந்தும் எழுத வேண்டிவரும்.

மெக்காஃப்ரிக்கு இந்த 2025இல் 29 வயது. காயத்தை எப்படி ஓர் எண்ணாக மாற்றுகிறீர்கள்? இல்லை, எனக்கு வெறும் பயம்தானா?

எக்செல்_சித்தப்பா:

பயம் தனி, கணக்கு தனி. எனக்குக் கணக்குதான் தெரியும்.

2017 முதல் 2019 வரை அவர் ஓர் ஆட்டம்கூட விடவில்லை, 48க்கு 48. 2020இலிருந்து வருடவாரியாக 3, 7, 17, 16, 4. கூட்டினால் 84இல் 47. இதில் கவனியுங்கள், நடுவில் எதுவுமே இல்லை. பத்துப் பதினொரு ஆட்டம் ஆடிய வருடம் ஒன்றுகூடக் கிடையாது. வந்தால் முழுசாக வருவார், இல்லையென்றால் போய்விடுவார். அதனால் "சராசரியாக 9 ஆட்டம்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, ஆடாத வாரத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள். அந்த வாரம் பெஞ்சிலிருந்தோ வெய்வரிலிருந்தோ (எந்த அணியும் எடுக்காத வீரர்கள்) ஒருவரை இறக்குவீர்கள். என் வசதிக்காகச் சில எண்கள் வைத்துக்கொள்கிறேன்: மெக்காஃப்ரி ஆட்டத்துக்கு 20 புள்ளி, அவர் இடத்தில் வருபவர் 9, அமோன்-ரா 16. மெக்காஃப்ரி 11 ஆட்டம் ஆடி 6 விட்டால் 220 + 54 = 274. அமோன்-ரா 17 ஆட்டமும் ஆடினால் 272. ஆக, உங்கள் கேள்வி "காயமடைவாரா" என்பதே இல்லை, "11 ஆட்டம் ஆடுவாரா" என்பதுதான். எட்டு வருடத்தில் ஐந்து முறை ஆடியிருக்கிறார். கடைசி ஐந்தை மட்டும் பார்த்தால் இரண்டு முறை.

அந்த 9 எங்கிருந்து வரும் என்பதையும் பாருங்கள். பெஞ்ச் பெரிய லீக் என்றால் வெய்வரில் ஒன்றும் மிஞ்சாது, 9 என்பது 5 ஆகிவிடும், கணக்கே கவிழ்ந்துவிடும். போன வருடம் உங்களை முதல் வாரம் அடித்தது காயம்கூட இல்லை, தெரிய வந்த நேரம். சனிக்கிழமையே தெரிந்திருந்தால் பூஜ்யம் வந்திருக்காது.

முட்டி_பார்ப்பவன்:

விளையாட்டு வீரர்களுக்குப் பிசியோதெரபி செய்வதுதான் என் பிழைப்பு. ஆனால் மெக்காஃப்ரியின் காலை நான் பார்த்ததில்லை, இங்கே யாரும் பார்த்ததில்லை.

"அடிக்கடி அடிபடுகிறவர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒருவர் கணுக்கால் மேல் இன்னொருவர் விழுந்தால் அது பெரும்பாலும் விதி. தொடையின் பின் தசை தானாக இழுத்துக்கொண்டால் அது உடம்பு சொல்லும் செய்தி. ஒருமுறை இழுத்த தசை மறுபடி இழுக்கும் வாய்ப்பு அதிகம், இது எங்கள் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்வது. 2021இல் அவருக்கு வந்தது அந்த வகை.

டிசம்பரில் போனது முட்டியின் பின்பக்கத் தசைநார். அதற்குப் பல நேரம் அறுவை சிகிச்சையே வேண்டாம், எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதை நினைத்து நான் தூக்கம் கெட மாட்டேன். நான் யோசிப்பது குதிகாலைத்தான். அது ஒரு நாளில் வந்ததல்ல, சுமையால் வந்தது. ஓய்வில் அடங்கியிருக்கும், சுமை ஏறினால் எட்டிப் பார்க்கும். 2019இல் அவர் கைக்குப் பந்து 403 முறை வந்தது, அடுத்த வருடம் 3 ஆட்டம். 2023இல் 339 முறை, அதற்கு மேல் சூப்பர் பௌல் (இறுதி ஆட்டம்) வரை ஆடினார், அடுத்த வருடம் 4 ஆட்டம். இரண்டை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் போன வருடம் அவர் அதிகம் ஓடவில்லை என்பதும் உண்மை. ஒரு வகையில் கால் ஓய்ந்திருக்கிறது.

நாலாவது_டவுன்:

சித்தப்பாவும் பிசியோவும் விலையைப் பற்றி, அதாவது எத்தனையாவது பிக்கைச் செலவழிக்கிறோம் என்பதைப் பற்றி, பேசவே இல்லை.

நிஜ என்எஃப்எல் டிராஃப்டையே பாருங்கள். 49ஆர்ஸ் 2005இல் ஃபிராங்க் கோரை மூன்றாம் சுற்றில், 65ஆவதாக எடுத்தார்கள். கல்லூரியிலேயே இரண்டு முட்டியிலும் தசைநார் கிழிந்தவர். 16 சீசன் ஆடினார், சரியாக 16,000 ரஷிங் யார்ட். காயம் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் இவரைத்தான் இழுப்பார்கள். அதே 49ஆர்ஸ் 2013இல் மார்கஸ் லாட்டிமோரை நான்காம் சுற்றில் எடுத்ததை யாரும் சொல்வதில்லை. அவருக்கும் இரண்டு முட்டியிலும் பெரிய காயம். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் ஓய்வு பெற்றார். என்னைக் கேட்டால் இரண்டுமே சரியான பிக்தான், ஏனென்றால் கொடுத்த விலை அவ்வளவுதான்.

டாட் கர்லியை ராம்ஸ் 10ஆவதாக எடுத்தபோது முட்டி கிழிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சிறந்த புதுமுகம், 2017இல் சிறந்த அஃபென்ஸ் வீரர். பிக்கில் தப்பில்லை. முட்டி கெட்ட கதை, 2018இல் பெரிய ஒப்பந்தம் போட்ட பிறகு வந்தது. இன்னொன்று, கௌபாய்ஸ் 2016இல் ஜெய்லன் ஸ்மித்தை 34ஆவதாக எடுத்தார்களே, அவர் முட்டிக்கு அறுவை செய்தவர் அவர்கள் அணி மருத்துவரேதான். ஒரு வருடம் உட்கார வைத்துக் காத்திருந்தார்கள். நமக்கு அந்த மருத்துவரும் இல்லை, அந்த ஒரு வருடமும் இல்லை.

கடைசி_இடம், போன வருடம் நீங்கள் கொடுத்தது 1ஆவது பிக். இந்த வருடம் சந்தை அவரை 7 என்கிறது. காயத்துக்கான தள்ளுபடி ஏற்கெனவே அந்த 7க்குள் இருக்கிறது. நீங்கள் போன வருட வலியை எடுத்து இரண்டாவது தடவையும் கழிக்கிறீர்கள்.

பெஞ்ச்_சூடு:

மெக்காஃப்ரியை எடுத்தால், அவர் விழுந்தால் இறங்கப்போகிற பிரையன் ராபின்சனையும் சேர்த்து எடுங்கள். மேசன் மினசோட்டாவுக்குப் போய்விட்டார், இந்த மாதம்தான் 49ஆர்ஸ் ராபின்சனை வாஷிங்டனிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள். சும்மாவா வாங்குவார்கள்?

கடைசி_இடம்:

டிராஃப்ட் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

6 வரை யாரும் மெக்காஃப்ரியைத் தொடவில்லை. என் முறை, 90 நொடி. சித்தப்பாவின் 11 ஆட்டம், நாலாவது டவுனின் தள்ளுபடி எல்லாம் தலையில் ஓடியது. நியாயப்படி மெக்காஃப்ரி என்றே நினைத்தேன். கை அமோன்-ராவை அழுத்திவிட்டது. நான்கு சீசனில் இரண்டே ஆட்டம் விட்டவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

8இல் மச்சான். ஒரு நொடிகூட எடுக்கவில்லை, மெக்காஃப்ரி. சிரிக்கும் பொம்மை ஒன்றும் அனுப்பினான்.

9ஆவது சுற்றிலும் அவனுக்கு முன்னால் நான். பிரையன் ராபின்சன் இன்னும் இருந்தார், எடுத்து பெஞ்சில் போட்டுவிட்டேன். அடுத்த நிமிடமே தனியாக ஒரு செய்தி: "அத்தான், அவன் உங்களுக்கு எதுக்கு?"

இன்னும் பதில் போடவில்லை.