கோயில் மலரில் கறுப்பு எழுத்துக்குக் கலர் நிழல் விழுகிறது, யார் தப்பு?

பக்கம்கட்டி, பட்டர்வொர்த்:
வணக்கம். எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நான்தான் செய்தேன். ஏ4, 48 பக்கம், 128 கிராம் ஆர்ட் பேப்பர், 500 பிரதி. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் ஆஃப்செட்டுக்குக் கொடுத்தோம். நேற்றுப் போய் அடித்த தாளைப் பார்த்தால் வயிறு கலங்கிவிட்டது. 9 முதல் 16 வரையும் 33 முதல் 40 வரையும் எழுத்தெல்லாம் மங்கல். ஒரு பக்கம் ரோஸ் கோடு, மறுபக்கம் நீலக் கோடு. எது ‘ல’ எது ‘ல்’ என்றே தெரியவில்லை, புள்ளி எல்லாம் அப்பிக் கிடக்கிறது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்கள் வேறு அதில்தான். மற்ற பக்கங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

அடிப்பதற்கு முன் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்துக் காட்டினார்கள், சுத்தமாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது தவுக்கே (கடை முதலாளி) “உன் ஃபைல் அப்படி” என்கிறார். தாள்களை இன்னும் பின் அடித்துப் புத்தகமாக்கவில்லை. மூன்று வாரத்தில் விழா. என்ன செய்யலாம்?

கொம்புசுழி:
எழுத்தை எல்லாம் அவுட்லைன் (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு உருவம்) ஆக்கி அனுப்பியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

பழைய பிளேட்காரன், செந்தூல்:
தம்பி, அவுட்லைன் எழுத்தின் உருவத்தைத்தான் காப்பாற்றும். கொம்பு முன்னாலே வராமல் பின்னாலே ஓடிப்போகிற கேஸுக்கு அது சரி (அதற்கும் முதலில் இன்டிசைனில் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கிற வேர்ல்ட்-ரெடி கம்போசர் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்). நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தங்கச்சி, அனுப்பிய பிடிஎஃப்பை அக்ரோபாட் புரோவில் திறந்து அவுட்புட் பிரிவியூ போங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பெட்டி இருக்கும். கறுப்பை மட்டும் அணைத்துவிட்டு 9-ஆம் பக்கத்தைப் பாருங்கள். எழுத்து மொத்தமும் மறைந்தால் உங்கள் ஃபைல் நல்லது. மறையாமல் பழுப்பாக நின்றால் அது நாலு கலர் கறுப்பு. எழுத்தின் மேல் மவுஸை வைத்தால் 75, 68, 67, 90 என்று காட்டும் என்று நினைக்கிறேன். கூட்டினால் 300 சதவீத மை, ஒரு சின்னப் புள்ளிக்கு!

அடுத்து, இன்டிசைன் ஸ்வாட்ச் (நிறங்கள்) பட்டியலில் ‘வேர்ட்_ஆர்0_ஜி0_பி0’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். யாராவது வேர்டில் அடித்துக் கொடுத்த கட்டுரையா அது?

மைக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு), அந்த நாலு பிளேட்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 0.1 மில்லிமீட்டர் விலகினால் போதும், பெரிய தலைப்பு தாங்கும், 9 பாயிண்ட் ‘ல்’ தாங்காது. இங்கிலீஷில் ‘ஐ’க்கு மேலே உள்ள புள்ளி போனாலும் படித்துவிடலாம். நமக்குப் புள்ளி போனால் சொல்லே வேறு. கடையில் இரண்டு கலர் மெஷின் என்றால் தாள் இரண்டு தடவை உள்ளே போகும். முதல் ஓட்டத்தில் தண்ணீர் குடித்து, பினாங்கு ஈரக்காற்றில் கிடந்து, கொஞ்சம் விரிந்துதான் இரண்டாவது ஓட்டத்துக்கு வரும். லேசரில் தாள் ஒரே நடையில் நாலு டோனரையும் வாங்கிக்கொள்கிறது, அதனால் அந்த மாதிரிப் பிரிண்டில் இந்தக் குறை தெரியாது. அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் ஃபிலிம் வெளியே எடுத்த காலத்தில் லைட் டேபிளில் நாலு நெகட்டிவையும் விரித்துப் பார்ப்போம். கட்டுரை எழுத்து மஞ்சள் ஃபிலிமிலும் இருந்தால் அங்கேயே சத்தம் கிளம்பும். இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட், நடுவில் ஒரு மனுஷக் கண் கிடையாது. ஆகவே பாதித் தப்பு உங்களுடையது, பாதி அவர்களுடையது. நான் சொன்ன சோதனை ஒரு நிமிஷ வேலை, கடையில் யாரும் செய்யவில்லை. (நானும் யோக்கியனில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘பிளாக்’குக்குப் பதில், நாலு மையும் முழுசாக விழுகிற ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ நிறத்தைப் போட்டு, 400 சதவீத மை காயாமல் முன்தாள் முகூர்த்த நேரம் பின்தாள் முதுகில் ஒட்டிக்கொண்டது.)

பக்கம்கட்டி, பட்டர்வொர்த்:
அண்ணே, அதேதான்! 75, 68, 67, 90. அந்த ஸ்வாட்சும் இருக்கிறது. செயலாளர் வேர்டில் அனுப்பியதை அப்படியே உள்ளே போட்டேன். நானே தட்டிய பக்கங்கள் எல்லாம் நல்ல கறுப்பு. திரும்ப அடித்தால் பக்கத்துக்கு நாலு பிளேட்டாமே, கட்டுப்படி ஆகுமா?

பழைய பிளேட்காரன், செந்தூல்:
அந்த ஸ்வாட்சை அழியுங்கள், எதை வைக்கட்டும் என்று கேட்கும், ‘பிளாக்’ கொடுங்கள். முடிந்தது.

இனிக் கணக்கு. நடுவில் பின் அடிக்கிற 48 பக்கப் புத்தகத்தில் ஜோடிப் பக்கங்களைக் கூட்டினால் 49 வரும். 9-உம் 40-உம் தாளின் ஒரே பக்கத்தில், 10-உம் 39-உம் அதன் முதுகில். நல்ல வேளை, கெட்டுப்போன பக்கங்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி. ஆக மொத்தம் 4 தாள், 8 முகம். எல்லாம் வெறும் கறுப்பு என்றால் முகத்துக்கு ஒரு பிளேட், 8 போதும். நாலு கலர் என்றால் 32. ஒரே மை, ஒரே ஓட்டம் என்பதால் விலகவும் வழியில்லை. அந்தப் பக்கங்களில் கலர் ஏதாவது உண்டா?

பக்கம்கட்டி, பட்டர்வொர்த்:
38-இல் மட்டும் நிர்வாகக் குழுப் படம்.

பழைய பிளேட்காரன், செந்தூல்:
அதையும் கறுப்பு வெள்ளை ஆக்கினால் 8. கலரிலேயே வேண்டுமென்றால் 11-உம் 38-உம் உள்ள முகத்துக்கு நாலு, மற்றதற்கு ஏழு, மொத்தம் 11. பிளேட் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, தாளும் மெஷினும் அவர்கள் கணக்கு என்று பேசிப் பாருங்கள். அந்தச் சோதனையைத் தவுக்கே கண்ணெதிரே செய்து காட்டிவிட்டுப் பேசுங்கள், குரல் உயர்த்தத் தேவையிருக்காது.

பக்கம்கட்டி, பட்டர்வொர்த்:
ஒத்துக்கொண்டார் அண்ணே. முதலில் முறைத்தார், திரையில் கறுப்பை அணைத்ததும் எழுத்து பழுப்பாக நின்றதைப் பார்த்து மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்று காலை முதல் தாள் வந்தபோது என்னையும் லூப்பில் (பூதக்கண்ணாடி) பார்க்கச் சொன்னார்கள். ‘புகழ்’ என்ற சொல்லில் ழகரத்தின் தலையில் புள்ளி தனியாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

பிளேட் 11. தலைவரிடம் கறுப்பு வெள்ளையைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.