பீன்ஸ் காய்கறியா, புரத உணவா?

நிலாமுற்றம்:
என் தாயாருக்கு வயது 68. சைவ உணவு மட்டுமே உண்பவர். பத்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அண்மையில் ஒரு மருத்துவமனையில் கொடுத்த உணவு அட்டவணையில், புரத உணவு என்ற தலைப்பின் கீழ் "முட்டை, மீன், பீன்ஸ்" என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் இரண்டும் எங்கள் வீட்டில் இல்லை என்பதால், இரண்டு மாதங்களாக நாள்தோறும் பீன்ஸ் பொரியல் செய்து கொடுத்து, தேவையான புரதம் கிடைத்துவிடுகிறது என்று நம்பியிருந்தேன். நேற்று உறவினர் ஒருவர், பீன்ஸ் வெறும் காய்கறிதான் என்கிறார். அது உண்மையில் எந்த உணவுத் தொகுதியைச் சேர்ந்தது?

அஞ்சறைப்பெட்டி:
உங்கள் உறவினர் சொல்வதே சரி. பிழை மொழிபெயர்ப்பில் நேர்ந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ராஜ்மா, மொச்சை, காராமணி போன்ற முற்றிய விதைகளையும் குறிக்கும். நம் காய்கறிக் கடையில் பீன்ஸ் என்று கேட்டால் பிஞ்சாகப் பறித்த பச்சைக் காயைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். அந்தக் காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் புரதம்தான் தேறும். உலர்ந்த ராஜ்மாவிலோ அதே எடைக்கு ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. இத்தனைக்கும் பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே தாவர இனம்தான். பிஞ்சில் பறித்தால் காய்கறி, செடியிலேயே முற்றி உலர்ந்தால் பயறு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலர்ந்த விதைக்காக அறுவடை செய்வதை மட்டுமே பயறு என்று வரையறுக்கிறது. எண்ணெய்க்காகப் பயிரிடும் சோயாவையும் நிலக்கடலையையும் அது அந்த வகையில் சேர்ப்பதில்லை. ஆகவே பொரியலைக் காய்கறிக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, பயறு வகைகளைப் புரதக் கணக்கில் தனியாகச் சேருங்கள்.

வயல்வெளி:
பச்சை பீன்ஸைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீரிழிவு உள்ள ஒருவரின் வீட்டாரிடம் உலர் பயறைப் புரத உணவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன். 100 கிராம் பயறில் 20 முதல் 25 கிராம் புரதம் என்றால், மாவுச்சத்து ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. என் தந்தையார் வழக்கமான சோற்றைக் குறைக்காமலேயே, புரதம் என்ற நம்பிக்கையில் மாலைதோறும் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டார். சர்க்கரை அளவு ஏறியதை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். எது மிகுதியாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் தொகுதி பிரிக்க வேண்டும்; அந்த முறையில் பயறின் இடம் தானியத்தின் பக்கத்தில்தான்.

அஞ்சறைப்பெட்டி:
அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் பாலையும் புரத உணவு என்று சொல்ல முடியாது, ஐயா. அதில் புரதத்தைவிட இயற்கைச் சர்க்கரை கூடுதல். அரிசியில் மாவுச்சத்து புரதத்தைப்போல் பத்து மடங்கு, பயறில் இரு மடங்கு. இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைப்பது எப்படிப் பொருந்தும்? போதாததற்கு, பயறின் மாவுச்சத்து நார்ச்சத்தோடு சேர்ந்து மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை அளவும் மெல்லத்தான் ஏறும். தொகுதி என்பது எதற்குப் பதிலாக எதைச் சாப்பிடலாம் என்று காட்டுவது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம் என்றும், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து 85 கிராம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று) பயறில் நிறைந்திருக்கிறது. தானியத்தின் குறையை நிரப்பும் பொருளைத் தானியத்தோடு சேர்த்து எண்ணினால், சைவ உணவு உண்பவர்களுக்குப் புரதம் எங்கிருந்து வரும் என்றே தெரியாமல் போய்விடும்.

வயல்வெளி:
பால் பற்றிய ஒப்பீட்டை ஏற்கிறேன். ஆயினும் "பதிலாக" என்ற சொல்லில்தான் என் தயக்கம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் கிடைக்கிறது, மாவுச்சத்து மிகச் சொற்பம். அதே 6 கிராமுக்கு உலர்ந்த கொண்டைக்கடலை 30 கிராமாவது வேண்டும். அதனுடன் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போகும். பிற நாடுகளிலும் பயறுக்கு ஒரே இடம் கொடுத்துவிடவில்லை. அமெரிக்காவின் 2020–2025 உணவு வழிகாட்டுதலில் அதைக் காய்கறியாகவும் எண்ணலாம், புரதமாகவும் எண்ணலாம், ஆனால் ஒரே கிண்ணத்தை இரு கணக்கிலும் எழுதக் கூடாது. பிரிட்டனில் அதைப் புரதப் பிரிவில் வைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஐந்து பங்கு காய்கனிகள் என்ற கணக்கில், எவ்வளவு சாப்பிட்டாலும் 80 கிராம் கொண்ட ஒரே ஒரு பங்காக மட்டுமே ஏற்கிறார்கள். எனவே பயறைச் சேர்க்கும் நாளில் அதே வேளையில் சோற்றைக் குறைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நீரிழிவோடு சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் புரதத்தின் அளவையே மருத்துவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

கீரைப்பாத்தி:
இடையில் ஒன்று. தை மாதத்தில் வரும் பச்சை மொச்சையும் பச்சைப் பட்டாணியும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. பிஞ்சுக் காயைவிடப் புரதம் கூடுதல், உலர் பயறைவிடக் குறைவு. ராஜ்மா சமைப்பதாக இருந்தால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் பொருள் கடும் வாந்தியை உண்டாக்கும்.

நிலாமுற்றம்:
உங்கள் பதில்களைப் படித்துவிட்டு இன்று எங்கள் சமையலை எடை போட்டுப் பார்த்தேன். மூவருக்கான சாம்பாரில் 60 கிராம் துவரம்பருப்புதான் போடுகிறேன். அம்மாவின் பங்கு 20 கிராம், அதில் கிடைக்கும் புரதம் 4 கிராமுக்குச் சற்று மேல். நூறு கிராம் பீன்ஸ் பொரியலில் இன்னொரு 2 கிராம். இரண்டு மாதங்கள் இதைப் போதுமென்று நினைத்திருந்தது வருத்தமாக இருக்கிறது. பகல் உணவில் 30 கிராம் காராமணி சேர்த்து, அரிசியில் 20 கிராம் குறைக்கலாம் என்று எண்ணுகிறேன். வயல்வெளி ஐயா சொன்ன மாவுச்சத்துக் கணக்கு அதில் ஏறத்தாழ நேராகிவிடுகிறது. சிறுநீரகப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை வருகிறது. அதை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே காராமணியை ஊறவைப்பேன்.