கீற்றுக் கூரை எரியும் என்பது 94 குழந்தைகள் இறப்பதற்கு முன்பு தெரியாதா?

கேள்வி:
2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மேல்தளத்தின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் உத்தரவு அதன் பிறகே வந்தது. கூரை வீட்டில் வளர்ந்த எவரும் அடுப்பை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அறிவர். எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆபத்து விதியாக மாறுவதற்கு உயிர்கள் போக வேண்டியிருப்பது ஏன்?

பதில் 1:
ஐயா, துயரத்துக்குப் பிறகாவது பாடம் கற்கிறோம் என்று உங்கள் கேள்வி கருதுகிறது. எனக்கு அதிலேயே ஐயம் உண்டு. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரியில், அதாவது கும்பகோணத்துக்கு ஆறே மாதம் முன்பு, திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்று ஊர்களும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவை. மூன்று இடங்களிலும் எரிந்தது கீற்றுதான். ஆனால் முதலாவதைக் கோயில் விபத்தாகவும் இரண்டாவதை மண்டப விபத்தாகவும் பார்த்த நிர்வாகம், அதே கீற்று பள்ளியின் மேல்தளத்திலும் வேயப்பட்டிருப்பதைப் பார்க்கவில்லை. கோயிலுக்கு ஒரு துறை, மண்டபத்துக்கு ஒரு துறை, பள்ளிக்கு ஒரு துறை. கீற்றுக்கென்று எந்தத் துறையும் இல்லை.

பதில் 2:
முன்னவர் கூறியதை ஏற்கிறேன். இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன்பு அதே இடத்தில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று, தரையிறங்கும் அனுமதியை அதே போலத் தவறாகப் புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது; செய்தி மற்ற நிறுவனங்களை எட்டவில்லை. பின்னர் 1976இல், விமானிகள் தண்டனைக்கு அஞ்சாமல் தவறுகளைத் தெரிவிக்கும் அமைப்பை நாசா நடத்தத் தொடங்கியது. தப்பிய விபத்துக்கு விசாரணை ஆணையமோ இழப்பீடோ இல்லை என்பதால், யாராவது வலியச் சென்று எழுதி வைத்தாலொழிய அது நடந்ததாகவே ஆவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் நம் பள்ளிகளில் இத்தகைய சம்பவங்களை எழுதி வைக்கும் வழக்கம் எங்காவது உண்டா?

பதில் 3:
நான் ஆசிரியை. பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கி உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்ததும் கும்பகோணத்தையொட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில்தான். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அதன் பின் இரண்டாவது படிக்கட்டு கட்டினார்கள்; மாணவர்கள் வெளியே நழுவிவிடுவார்கள் என்று அதன் இரும்புக் கதவைப் பூட்டியே வைத்தார்கள். ஒத்திகை நாளில் சாவி வைத்திருந்த காவலாளி தேநீர் அருந்தச் சென்றிருந்தார். நான் அதைப் பதிவேட்டில் எழுதியபோது, "இதுவரை ஏதாவது நடந்திருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார்கள். பிறகு மாற்றுச் சாவி ஒன்று ஆசிரியர் அறையில் தொங்கியது. நான் மாறுதலாகி வரும் நாள் வரை பூட்டு அப்படியே இருந்தது.