விமான உடலின் இழுவைக் குணகம் 0.1ஆ, 0.005ஆ?

காற்றாடி22
வணக்கம். கடைசி வருடப் புராஜெக்டுக்காக நாங்கள் மூன்று பேர் ஆளில்லா விமானம் ஒன்று செய்கிறோம். உடல் 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. விட்டம், வேகம் நொடிக்கு 20 மீட்டர். உடலின் இழுவைக் குணகம் (காற்று எவ்வளவு பின்னால் இழுக்கும் என்று கணக்கிட உதவும் எண்) ஒரு புத்தகத்தில் 0.1, இன்னொன்றில் 0.005. இருபது மடங்கு வித்தியாசம்! மோட்டாருக்கு ஆர்டர் போட வேண்டும். எதை எடுத்துக்கொள்வது?

சிறகு
இரண்டும் சரிதான். எந்தப் பரப்புக்கான எண் என்று பாருங்கள். 0.1 முகப்புப் பரப்புக்கு (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு), 0.005 காற்று படும் மொத்த மேற்பரப்புக்கு. உங்கள் முகப்பு 0.0314 சதுர மீட்டர், மேற்பரப்பு சுமார் 0.6 வரும். பெருக்கினால் 0.0031, 0.0030. அவ்வளவுதான்.

பட்டறைக்காரர்
தம்பி, சிறகு சொன்னது சரி. ஆனால் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், மனதில் நிற்கும். உங்கள் ரெனால்ட்ஸ் எண் (வேகம், நீளம், காற்றின் பிசுக்குமை மூன்றையும் சேர்த்து ஓட்டம் எப்படி இருக்கும் என்று காட்டும் எண்) 16 லட்சம். முழுக்கக் கொந்தளிப்பான ஓட்டம் என்று வைத்தால் தட்டைத் தகட்டின் உராய்வுக் குணகம் 0.0041. நீளத்தை விட்டத்தால் வகுத்தால் 6. உடல் தட்டையாக இல்லாமல் உருண்டிருப்பதால் கூடும் இழுவைக்கான வடிவக் காரணி 1 + 60/6³ + 6/400, அதாவது 1.29. இயக்க அழுத்தம், அதாவது காற்றடர்த்தியில் பாதி × வேகத்தின் வர்க்கம், 240 பாஸ்கல். இவற்றோடு மேற்பரப்பு 0.6ஐயும் பெருக்கினால் இழுவை 0.76 நியூட்டன், ஏறக்குறைய 78 கிராம் எடை.

இந்தக் கணக்கு, காற்று வால்வரை உடலை ஒட்டியே போகிறது என்று நம்பிப் போட்டது. நான் ஒருமுறை இடம் மிச்சம் என்று வாலைச் சட்டென்று ஒடுக்கினேன். பிறகு சந்தேகம் வந்து, உடல் முழுக்க நாலு செ.மீ. கம்பளி நூல்களை ஒட்டி, கார் கூரைக்கு மேலே கம்பத்தில் கட்டி, விடியற்காலையில் காலிச் சாலையில் மணிக்கு 70 கி.மீ. ஓட்டினோம். முன்பக்க நூல்கள் படிந்து கிடந்தன. வால் பக்கம் இருந்தவை துடித்தன, சில மூக்கை நோக்கியே திரும்பின; அங்கே காற்று உடலை ஒட்டாமல் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வாலை 12 செ.மீ. நீட்டிய பிறகுதான் அடங்கின. நீங்களும் நூல் ஒட்டிப் பாருங்கள், பத்து ரூபாய்ச் செலவு.

அப்புறம், சக்கரக் கால் எப்படி?

காற்றாடி22
ரொம்ப நன்றி அண்ணா! கால் 8 மி.மீ. கார்பன் கம்பி, 25 செ.மீ. நீளத்தில் இரண்டு.

பட்டறைக்காரர்
அதைத்தான் நினைத்தேன். உருண்டைக் கம்பிக்கு முகப்புப் பரப்பில் குணகம் 1.2 அளவு வரும். இரண்டு கம்பியின் முகப்புப் பரப்பு 0.004 சதுர மீட்டர்; 0.004 × 1.2 × 240 போடுங்கள்: 1.15 நியூட்டன். அந்த இரண்டு கம்பியும் முழு உடலைவிட அதிகமாக இழுக்கின்றன. பால்சா மரத்தில் கண்ணீர்த்துளி வடிவம் செதுக்கி, காற்று ஓடும் திசையில் தடிமனைப் போல நான்கு மடங்கு நீளம் கொடுத்து, கம்பிக்கு மேல் ஒட்டுங்கள். கம்பிகளின் இழுவை நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். மோட்டார் ஆர்டரை அதுவரை தள்ளிப்போடுங்கள்.