அலுவலக மொபைல்களுக்கு எளிய செட்டப் கருவி: முதல் திரையில் என்ன கேட்கலாம்?

கேள்வி

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் ஊழியர்களின் மொபைல்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க எம்டிஎம் என்ற மென்பொருள் இருக்கிறது. அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் ஐடி ஆட்களுக்கே தலை சுற்றும். கிளைகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு செட்டப் செய்பவரோ பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ ஸ்டோரிலோ இருப்பவர். அவருக்காக ஒரு எளிய கருவி எழுதிக்கொண்டிருக்கிறேன். சில கேள்விகள், கடைசியில் ஒரு கியூஆர் கோடு, அவ்வளவுதான்.

இப்போதைய வரிசை: நிறுவனப் பெயர், லோகோ, வைஃபை, பாஸ்கோடு நீளம், கேமரா, யூஎஸ்பி, ஆப் பட்டியல், அப்புறம் போனின் வகை. சோதித்துப் பார்த்தவர்கள் பாஸ்கோடு திரையிலேயே நின்றுவிட்டு, "இதில் எதைப் போடுவது?" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். எதை முதலில் கேட்பது? எதைக் கேட்கவே கூடாது? ஆண்ட்ராய்டுதான் அதிகம், ஐபோன் கொஞ்சம். சிலது கம்பெனி கொடுத்தது, சிலது ஊழியரின் சொந்த போன்.

பதில் 1

கடைசியில் இருப்பதை முதலுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் "வகை" என்று கேட்காதீர்கள். "இந்த போன் யாருடையது?" என்று கேளுங்கள். கம்பெனியுடையது, ஊழியருடையது. இரண்டே பொத்தான்கள்.

பாஸ்கோடு நீளம், கேமரா, ஆப் பட்டியல் எல்லாவற்றையும் நாளைக்கு சர்வரிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டும் மாற்ற முடியாது. ஆண்ட்ராய்டில் ஒரு போனை முழு நிர்வாகத்தில் சேர்க்க வேண்டுமானால் அது புதிதாகவோ ஃபேக்டரி ரீசெட் ஆனதாகவோ இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் போனில் ஒர்க் ப்ரொஃபைல், அதாவது வேலைக்கென்று தனியாகப் பிரித்த ஒரு பகுதி, அதைத்தான் போடலாம். முதல் கேள்விக்குத் தவறான பதில் விழுந்தால் போனை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். திரும்பப் பெற முடியாத முடிவுக்கு ஒரு முழுத் திரை கொடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் ஐடி பிரிவு முடிவு செய்து வைத்ததாக உள்ளே இருக்கட்டும். ஸ்டோரில் இருப்பவரிடம் யூஎஸ்பி கொள்கையைக் கேட்பது நியாயமே இல்லை.

"ஊழியருடையது" என்று அழுத்தினால் அடுத்த திரை செட்டப்பே அல்ல, விளக்கம். ஒர்க் ப்ரொஃபைலில் நிர்வாகியால் சொந்தப் படங்களையும் மெசேஜ்களையும் பார்க்க முடியாது. அழிக்கும் கட்டளை கொடுத்தாலும் வேலைப் பகுதி மட்டுமே போகும். ஐபோனில் சொந்த போன்களுக்கான யூசர் என்ரோல்மென்ட் வழியாகச் சேர்த்தால் சீரியல் எண்கூட நிர்வாகிக்குத் தெரியாது. இதை நான்கு வரியில், ஒப்பந்த மொழி இல்லாமல், ஊழியரிடமே காட்டுங்கள். என் அனுபவத்தில் சொந்த போனைச் சேர்க்கத் தயங்குபவர்களுக்குத் தொழில்நுட்பம் பிரச்சினையே இல்லை. தன் குழந்தையின் படங்களை ஆபீஸ் பார்க்குமோ என்ற பயம்தான். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாத கருவியை நான் எளிய கருவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேட்டவர்

இது பெரிய உதவி, நன்றி. கேமரா, யூஎஸ்பி திரைகளை இன்றே எடுத்துவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: கியூஆர் கோடு வந்த பிறகும் பலர் அங்கேயே நிற்கிறார்கள். சாதாரண கேமராவில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு "ஏதோ எழுத்தாக வருகிறது" என்கிறார்கள்.

பதில் 2

ரீசெட் ஆன போனின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால்தான் இந்தக் கோடைப் படிக்கும் ஸ்கேனர் திறக்கும். தெரியாதவருக்கு இது எப்படித் தோன்றும்? கோடுக்குப் பக்கத்திலேயே அந்தத் திரையின் படம், எங்கே தட்டுவது என்ற குறி, இரண்டையும் வையுங்கள். இந்த வழி ஆண்ட்ராய்டு 7 முதல் உண்டு. ஆனால் 7, 8 பதிப்புகளில் ஸ்கேனரையே இணையத்திலிருந்து இறக்க வேண்டும், அதனால் வைஃபையை முதலில் கையால் இணைக்க வேண்டும். 9 முதல் உள்ளேயே இருக்கிறது.

வைஃபை பாஸ்வேர்டை கோடுக்குள் வைக்கிறீர்களா? அது வெறும் எழுத்தாகத்தான் அதில் இருக்கும். அந்தக் கோடைப் படம் எடுத்த யாரும் படித்துவிடலாம். செட்டப்புக்கென்று தனி நெட்வொர்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் லாகின் கேட்கும் வைஃபை இதற்கு வேண்டாம், பாதியில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் கோடின் ஆயுள். போன்களை நிர்வகிக்க கூகுள் தரும் ஆண்ட்ராய்டு மேனேஜ்மென்ட் ஏபிஐ பயன்படுத்தினால், நீங்கள் எதுவும் குறிப்பிடாதபோது கோடுக்குள் இருக்கும் டோக்கன் (போனைச் சேர்க்கும் அனுமதிக் குறியீடு) 1 மணி நேரம்தான் செல்லும். காலையில் அச்சடித்ததை மாலையில் ஸ்கேன் செய்தால் வேலை செய்யாது, காரணமும் புரியாது. "இத்தனை மணி வரை செல்லும்" என்று கோடின் கீழேயே பெரிதாகப் போடுங்கள். ரொம்ப நாள் அலமாரியில் கிடந்த போனில் தேதி தவறாக இருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்றுப் பதிவு நின்றுவிடும். தோல்வி வந்தால் "பிழை ஏற்பட்டது" என்று எழுதாமல், "தேதியும் நேரமும் சரியா பாருங்கள்" என்று அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதுங்கள்.

பதில் 3

ஐபோன் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது செட்டப் அன்று வலிக்காது, ஒரு வருடம் கழித்து வலிக்கும். எம்டிஎம் ஐபோன்களைத் தொடர்புகொள்ளத் தேவைப்படும் ஆப்பிளின் புஷ் சான்றிதழை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் முதலில் எடுத்த அதே ஆப்பிள் கணக்கிலிருந்து. வேறு கணக்கில் புதிதாக எடுத்தால் பதிவான ஐபோன்கள் எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் அந்தக் கணக்கு வேலையை விட்டுப்போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது.

ஆகவே உங்கள் கருவி அந்த இடத்தில் பொதுவான அலுவலக மின்னஞ்சலைக் கேட்கட்டும். எந்தக் கணக்கு என்பதைச் சேமித்து வைக்கட்டும். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே, ஒருவருக்கு மட்டும் இல்லாமல் இரண்டு பேருக்காவது நினைவூட்டல் அனுப்பட்டும்.

கம்பெனி வாங்கிய ஐபோன்களை, நிறுவனங்களுக்கான ஆப்பிளின் இணையதளமான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் சேர்த்து உங்கள் எம்டிஎம்முடன் இணைத்துவிட்டால் கியூஆர் கோடே தேவைப்படாது, பெட்டியைத் திறந்து இணையத்தில் இணைத்ததும் போன் தானாகவே நிர்வாகத்துக்குள் வந்துவிடும். ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு ஜீரோ டச் என்ற வசதி இருக்கிறது, ஆனால் அதில் பங்கேற்கும் விற்பனையாளரிடம் வாங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை போன் வாங்கும் முன்பே கொள்முதல் பிரிவிடம் இதைப் பேசிவிடுங்கள்.