மஞ்சள் பூ பூக்கிற இது கரிசலாங்கண்ணிதானா?

லயத்து மருமகள்:
வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். மாமியாருக்குத் தலைக்கு எண்ணெய் காய்ச்சக் கரிசலாங்கண்ணி வேண்டும் என்று தேடித் தேடி, கடைசியில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஒருவரிடம் 'மஞ்சள் கரிசாலை' என்று ஒரு பாலிபேக் செடியை எட்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி வந்தேன். ரெண்டு மாதத்தில் அது பையைத் தாண்டி, சிமெண்டில் இறங்கி, பக்கத்து வீட்டு வேலிக்குப் போய்விட்டது. பூ நல்ல மஞ்சள், ஐம்பது காசு அகலம். இலை பளபளவென்று இருக்கிறது. மாமியார் என்னடாவென்றால், "ரோட்டோரத்தில் சும்மா கிடக்கிறதைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியே" என்கிறார். படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய மண்டோர்:
தங்கச்சி, மாமியார் சொன்னதுதான் சரி. இலையின் ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி பிரிந்து மூன்று மடலாகத் தெரிகிறதே, அதுதான் அடையாளம். நர்சரியில் இதை வெடேலியா என்பார்கள். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கம். தரையை மூடிக்கொள்ளும் என்று மேட்டிலும் ரோட்டோரத்திலும் நட்டார்கள், இப்போது போகச் சொன்னாலும் போவதில்லை. உலகத்தின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது.

அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். அதுவும் தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், மஞ்சளாகவே பூக்கும். ஆனால் இலை ஒல்லி, ஈட்டி முனை போல நீளம், ஓரத்தில் அங்கங்கே சின்னப் பல், கொம்பு கிடையாது. பூவைப் பார்த்து வாங்காதீர்கள், இலையைப் பாருங்கள். பிடுங்கினால் கால்வாயோரம் வீசிவிட வேண்டாம், ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். சிமெண்டில் காயவிட்டு அப்புறம் குப்பையில் போடுங்கள்.

கம்பார் கீரைக்காரி:
எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு எப்போதும் வெள்ளைக் கரிசலாங்கண்ணிதான், மலாய்க்காரர்கள் உராங் ஆரிங் என்பது. அதற்குக் காசே வேண்டாம். ஈரம் எங்கே தேங்குகிறதோ அங்கே தானாக வரும், நெல் வயல்காரர்களுக்கு அது களை. இலைக்குக் காம்பு இருக்கிறதே தெரியாது, தண்டோடு ஒட்டி எதிரெதிராக நிற்கும், தடவினால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. சந்தேகம் என்றால் தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், பச்சைச் சாறு கறுத்துப்போகும்.

தாத்தா பூவை இது என்று நினைத்துப் பறித்து வந்தவர்களும் உண்டு (என் வீட்டுக்காரர்!). அது காய்ந்த புல்தரையில் நிற்கும், நீளக் காம்பின் உச்சியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். எல்லாம் ஒரே சூரியகாந்திக் குடும்பம்தான், நாம் சம்பாலோடு பச்சையாகத் தின்கிற உலாம் ராஜா கீரை உட்பட.

இன்னொன்று, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பறிக்கவே கூடாது. பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள், ஆனால் மருந்து அடிப்பது நிற்கவில்லை, மருந்துதான் மாறியிருக்கிறது.

லயத்து மருமகள்:
ஐயோ, எட்டு வெள்ளி போச்சு. சரி அக்கா, வெள்ளையைப் பையில் வளர்க்க முடியுமா?

பழைய மண்டோர்:
தாராளமாக. பூ காய்ந்த தலையை உள்ளங்கையில் கசக்கினால் விதை உதிரும். மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள், வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும், மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். களிமண் கலந்த தோட்டத்து மண், கொஞ்சம் மக்கிய கோழி எரு. வெயில் இருக்கட்டும், மண் மட்டும் காயவே கூடாது. சிலர் அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்துவார்கள், அது வேண்டாம், ஏடிஸ் கொசு முட்டை போட்டால் டெங்கியும் வரும், அபராதமும் வரும். காலையும் மாலையும் ஊற்றினாலே போதும். அறுக்கும்போது வேரோடு இழுக்காமல் அடியில் நாலு விரல் விட்டு வெட்டுங்கள், திரும்பத் துளிர்க்கும்.

லயத்து மருமகள்:
கிடைத்துவிட்டது! குளியலறைக்குப் பின்னால், கால்வாய் சிமெண்ட் வெடித்த இடத்தில் நாலு செடி. கிள்ளித் தேய்த்தேன், உள்ளங்கை கறுத்து, சோப்புப் போட்டும் போகவில்லை. மாமியார் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இதன் மேலதான் துணி துவைச்ச தண்ணியை ஊத்திக்கிட்டிருக்கேன்" என்று சிரிக்கிறார். அந்த இலை எண்ணெய்க்கு வேண்டாம், விதை மட்டும் எடுத்துப் பையில் போடு என்று உத்தரவு.

எட்டு வெள்ளிச் செடி நாலு நாளாகச் சிமெண்டில் காய்கிறது. இன்றைக்குக் காலையில் பார்த்தால் அதில் ஒரு பூ.