மாரடைப்பும் மக்னீசியமும்: அந்த எட்டு மணி நேரம்

கரிகாலன்77: "மாரடைப்பு வந்ததும் மக்னீசியம் ஏற்றினால் உயிர் பிழைக்கும், இதை மூடி மறைத்துவிட்டார்கள்" என்று தென்றல் நேற்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. யார் மறைத்தது? 1992இல், மாரடைப்பு வந்தவர்களுக்கு மக்னீசியம் ஏற்றிப் பார்த்த லிமிட்-2 ஆய்வு. சுமார் 2,300 பேர், இறப்பு கால் பங்கு குறைந்தது, ஊரே கொண்டாடியது. 1995இல் அதே கேள்விக்கு இன்னும் பெரிய ஆய்வு, ஐசிஸ்-4. 58,000 பேர், பலன் பூஜ்யம். கதை முடிந்தது.

தென்றல்: எங்கே முடிந்தது? ஐசிஸ்-4இல் பாதிப் பேர் வலி தொடங்கி எட்டு மணி நேரம் கழித்துத்தான் ஆய்வுக்குள்ளேயே வந்தார்கள். லிமிட்-2இல் பாதிப் பேர் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். எல்லாம் கெட்ட பிறகு கொடுத்துவிட்டு மருந்து மேல் பழி போடுவீர்களா?

கரிகாலன்77: இதைத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். சீக்கிரம் வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் ஐசிஸ்-4இல் பலன் இல்லை. அதுவும் போதாதென்று 2002இல் மேஜிக் ஆய்வு, உங்கள் கேள்விக்கென்றே நடத்தியது. ஆறு மணி நேரத்துக்குள், ஆபத்து அதிகமுள்ள 6,213 பேர். முப்பது நாளில் இறப்பு: மக்னீசியம் ஏற்றியவர்களில் 15.3%, ஒப்பிட வெறும் திரவம் ஏற்றியவர்களில் 15.2%. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தென்றல்: எட்டு மணி நேரத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கரிகாலன்77: சொன்னதுதான் மேலே இருக்கிறதே! படிக்கும் பழக்கம் உண்டா? நீர் மாத்திரை (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான், கேட்டதையே கேட்டுவிட்டுக் கடைசியில் காணாமல் போனீர்கள்.

வார்டுக்காரி: இரண்டு பேரும் ஆய்வுப் பெயரைச் சொல்லியே சண்டை போடுகிறீர்கள். எல்லோருக்கும் ஏற்றுவது வேறு, குறைந்தவருக்கு ஈடுகட்டுவது வேறு. நீர் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டவருக்கு மக்னீசியம் இறங்கும். அது இறங்கினால் பொட்டாசியம் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது, சிறுநீரில் போய்விடும். டார்சாட்ஸ் என்னும் ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு வந்தால் இன்றைக்கும் முதலில் கையில் எடுப்பது மக்னீசியம்தான்.

தென்றல்: அப்படிப் போடுங்க அக்கா! என் அப்பாவுக்கு ரிப்போர்ட்டில் மக்னீசியம் அளவு நார்மல். மானிட்டரில் கோடு முறுக்கிக்கொண்டு ஓடியது, மக்னீசியம் ஏறியதும் நேரானது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கரிகாலன்77: அது துடிப்புக் கோளாறுக்கான சிகிச்சை. மாரடைப்பில் இறப்பைக் குறைக்கும் என்பதற்கு இது சாட்சியா? ஒருவருக்கு நடந்ததை வைத்து 58,000 பேரைத் தள்ளிவிடுவீர்களா?

தென்றல்: என் அப்பாவை இழுக்காதீர்கள்.

கரிகாலன்77: இழுத்தது நீங்கள்.

வார்டுக்காரி: நார்மல் என்பதை அப்படியே நம்பவும் முடியாது. உடம்பில் உள்ள மக்னீசியத்தில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை, மீதி எலும்பிலும் செல்லுக்குள்ளும். அதற்காக அள்ளி ஏற்றவும் கூடாது. சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அது தேங்கிவிடும். முட்டியில் தட்டினால் கால் உதறாது, அதற்கும் மேலே போனால் மூச்சே நின்றுவிடும்.

கரிகாலன்77: அக்கா, நீங்கள் யார் பக்கம்?

வார்டுக்காரி: பக்கம் கேட்கத்தான் வந்தீர்களா? உங்களோடு பேசுவதே வீண்.

கரிகாலன்77: சரி, 15.3, 15.2. இதற்கு இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் வரும்வரை தினமும் இதையே போடுவேன்.

தென்றல்: போடுங்கள். எட்டு மணி நேரம்.